அழுதாலும் மருந்து வேலை செய்யும்



“நோய் பரவியிருக்கு. முழுசா குணப்படுத்த முடியாது. ஆனா கட்டுப்படுத்த மருந்து இருக்கு.” டாக்டர் மூன்று வாக்கியம் சொல்கிறார். கேட்டவர் மனதில் நடுவில் உள்ள ஒன்றுதான் தங்குகிறது. அதற்குப் பிறகு சொன்ன மருந்தின் பெயர், எடுக்க வேண்டிய டெஸ்ட், வரவேண்டிய தேதி எதுவும் நினைவில் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தால், கூடப் போன இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அதிர்ச்சியில் இருக்கிற மனது அப்படித்தான் இருக்கும். ஆகவே தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருபவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். புரியாததை அடுத்த முறை மறுபடியும் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டால், ஆபரேஷன் செய்து அத்தனையையும் எடுத்துவிடுவது பெரும்பாலும் முடியாது. ஆனால் கட்டியைச் சுருக்கலாம், கொஞ்ச காலம் வளராமல் நிறுத்தி வைக்கலாம், வலியையும் மூச்சுத் திணறலையும் குறைக்கலாம். சிலருக்கு, மரபணுப் பரிசோதனை செய்து, அதற்கேற்ற மாத்திரையை வீட்டிலிருந்தபடியே தினமும் போட்டுக்கொள்ளும் வழி இருக்கிறது. பரவிய மார்பகப் புற்றுநோயில் சில வகைகளும், மயலோமா என்கிற ரத்தப் புற்றுநோயும் முழுக்கத் தீராவிட்டாலும், பலருக்கு ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இருக்கின்றன. “இந்த சிகிச்சையால எனக்கு என்ன கிடைக்கும்?” என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். அது தெரிந்தால், பிறகு வரும் ஒவ்வொரு ஸ்கேனிலும் எதை எதிர்பார்ப்பது என்று பிடிபடும்.

செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வருவார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வரும். கூடவே ஓர் அறிவுரை வரும்: “மனசைத் திடமா வச்சுக்கோ, பாதி நோய் ஓடிடும். அழவே கூடாது.” அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் நோயாளியின் தலையில் அது இன்னொரு சுமையாக ஏறிவிடுகிறது. ராத்திரி யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு, இந்த அழுகையே நோயை வளர்க்கிறதோ என்று பயப்படுகிறார். அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால், “நான் தைரியமா இல்லாததுதான் காரணம்” என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

அப்படி நொந்துகொள்ளக் காரணமே இல்லை. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, ஜேம்ஸ் கோயின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை 2007-இல் வெளியிட்டார்கள். மனத்தெம்போடு இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகவோ, சோர்ந்திருந்தவர்கள் சீக்கிரம் இறந்ததாகவோ அதில் தெரியவில்லை. கீமோ மருந்து வேலை செய்ய, நோயாளி சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அழுகிறவர் உடம்பிலும் அது வேலை செய்யும். மனதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்தான். ஆனால் அது இருக்கிற நாட்கள் நன்றாக இருப்பதற்காக.

அடுத்து, நம் வீடுகளில் நடக்கும் ஒளிவுமறைவு. “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்” என்று மகன் வெளியே நின்று கேட்டுக்கொள்கிறார். உள்ளே இருக்கும் அப்பா, வார்டின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லிவிட்டார். முடியும் கொட்டத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும் தெரியாதவர்போல் இருக்கிறார். ஒரே வீட்டில் எல்லாரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். நோய்ச் செய்தியை எப்படிச் சொல்வது என்று மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும்போது, ஒரு நல்ல முறை கற்பிக்கிறார்கள்: முதலில் நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது, பிறகு எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, அப்புறம்தான் சொல்வது. எல்லாம் வேண்டும் என்பவருக்கு எல்லாம். “விவரமெல்லாம் என் பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்பவருக்கு அப்படியே. தீர்மானிப்பவர் அவராக இருக்க வேண்டும்.

பிறகு, எண்கள். ராத்திரி தூக்கம் வராமல் செல்போனைத் திறந்தால், இத்தனை மாதம் என்று ஏதோ ஒன்று கண்ணில் படும். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞருக்கு 1982-இல், 40 வயதில், வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தெரியவந்தது. நூலகத்தில் தேடியபோது, இந்த நோய் தெரிந்தபின் வாழும் காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்று படித்தார். அவர் புள்ளிவிவரம் அறிந்தவர். நோய் வந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் இறக்கிறார்கள் என்பதுதானே இதன் பொருள், மீதிப் பாதியில் சிலர் வெகுகாலம் இருப்பார்களே என்று யோசித்தார். பின்னர் அதையே ஒரு கட்டுரையாகவும் எழுதினார். 20 ஆண்டு கழித்து, 2002-இல், வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தை எண்ணிச் சொன்ன கணக்கை, ஒருவர் தன் நாட்காட்டியில் தேதியாகக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

இனி சிகிச்சை. பயாப்ஸி, ஸ்கேன், மரபணு ரிப்போர்ட் என்று சில வாரம் காத்திருப்பதுதான் பலருக்கு மிகக் கொடுமையான காலம். மருந்து ஏறத் தொடங்கியதும் ஒரு பிடி கிடைத்தது போலிருக்கும். கீமோவுக்கு முன் வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து கொடுப்பது வழக்கம். அது தூக்கத்தைக் கெடுக்கலாம், எரிச்சலைத் தூண்டலாம், நிறுத்தியதும் சோர்வு வரலாம். “ஏன் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன்?” என்று வருந்துகிறவர், மருந்தின் வேலையாகவும் இருக்கலாம் என்று தெரிந்தால் ஆறுதல் அடைவார். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். இந்த விதியை வீட்டில் எல்லாரும் அறிந்திருந்தால், வீண் பயம் குறையும்.

வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை என்றதும் “கைவிட்டுட்டாங்களா?” என்று கேட்கிறார்கள். பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு, கீமோ போன்ற வழக்கமான சிகிச்சையோடு, ஆதரவு சிகிச்சையையும் ஆரம்பத்திலேயே தொடங்கினார்கள். 2010-இல் முடிவு வெளியானது. மனச்சோர்வு அறிகுறி, ஆதரவு சிகிச்சையை ஆரம்பத்திலேயே பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு இருந்தது. மற்றவர்களில் 38 சதவீதம். ஆதரவு சிகிச்சை பெற்றவர்கள் வாழ்ந்த காலமும் குறையவில்லை, சில மாதம் கூடியே இருந்தது. ஆகவே முதல் மாதத்திலேயே கேட்டுப் பெறுங்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு இந்தச் சேவை வீட்டுக்கே வருகிறது. வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் மார்ஃபின் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம் என்ற பயமும் பொதுவாகத் தேவையில்லை.

எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் போய், இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் சுருண்டு கிடந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். கவனித்துக்கொள்ளும் மனைவிக்கும் மகனுக்கும்கூட அந்த எண் பொருந்தும்.

கடைசியாக, நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “பயமா இருக்கு” என்று அவர் சொன்னால், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். “எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு?” என்று கேளுங்கள். பதில் சாவைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைப்போம். பல நேரம் அது வலியைப் பற்றி இருக்கும், கடனைப் பற்றி இருக்கும், மகளின் காலேஜ் ஃபீஸைப் பற்றி இருக்கும். இவற்றில் ஒன்றிரண்டுக்காவது நம்மால் ஏதாவது செய்ய முடியும்.