சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு வரைபடம்

ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் அடுத்தடுத்து இரண்டு நோயாளர் இறந்துவிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அது தற்செயலா? அன்றி அவருடைய வேலையில் ஏதேனும் தவறு புகுந்துவிட்டதா? இறந்தவரின் உற்றார் ஒன்று கூறுவர். உடன் பணிபுரிவோர் வேறொன்று கூறுவர். அந்த வைத்தியரின் மனமோ பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகச் சொல்லும்.

கணக்கைக் கேட்டுப் பார்ப்போம். நூறு பேருக்குச் செய்தால் ஐவர் இறக்கக்கூடிய கடினமான சத்திரசிகிச்சை ஒன்று. ஒத்த திறமையுடைய நூறு நிபுணர்கள், ஆளுக்கு 20 நோயாளருக்கு அதனைச் செய்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 36 பேரிடம் ஒரு மரணமும் நிகழாது. 7 அல்லது 8 பேரிடமோ மூன்று மரணங்கள், அல்லது அதனிலும் கூடுதலாக, நிகழும். முன்னவரைப் புகழ்வதற்கும் பின்னவரை இகழ்வதற்கும் இங்கே நியாயமில்லை. ஆயினும், எல்லாவற்றையும் விதியின்மேல் ஏற்றிவிட்டு வாளாவிருக்கவும் முடியாது. உண்மையாகவே கை பிசகும் காலமும் உண்டு.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி வைத்தியசாலையிற் பிறந்ததன்று. தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிலிற் பிறந்தது. அமெரிக்காவின் வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பனியிற் பணியாற்றிய வால்ரர் ஷூவார்ட் என்னும் பௌதிக அறிஞர், 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, தம் மேலதிகாரிக்கு ஒரு பக்கமும் நிரம்பாத குறிப்பு ஒன்றை அனுப்பினார். அதில் ஒரு சிறு வரைபடம் இருந்தது. அவர் வகுத்த முறையில், நடுவே சராசரியைக் காட்டும் ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும் எல்லைக் கோடுகள். புள்ளிகள் எல்லைக்குள் ஏறியிறங்கும்வரை அது இயல்பான அசைவு. அதற்காக இயந்திரத்தைத் திருகினால் வேலை இன்னும் கெடும். எல்லையைத் தாண்டினாலோ, ஒரு காரணம் உண்டு; அதனைத் தேடவேண்டும். 1954இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேஜ் என்பார், சிறு மாற்றங்களையும் விரைவிற் காட்டவல்ல திரட்டுத்தொகை வரைபடத்தை அமைத்தார்.

சத்திரசிகிச்சைக்கு ஏற்றது இந்த இரண்டாவது முறையே. நோயாளர் பிழைத்தால் கோடு இம்மியளவு கீழிறங்கும். இறந்தால் ஒரேயடியாக மேலேறும். நூற்றுக்கு ஐந்து என்ற நமது கணக்கில், ஒரு மரணம் ஏற்றிய கோட்டைக் கீழிறக்க 19 பேர் பிழைக்கவேண்டும்.

இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் மார்க் டி லெவால் என்னும் புகழ்பெற்ற இருதய சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். இருதயத்தினின்று புறப்படும் இரு பெருங்குழாய்கள் இடம்மாறிப் பிறந்த சிசுக்களுக்கு, அவற்றை வெட்டி உரிய இடத்திற் பொருத்துதல் அவர் செய்த கடினமான வேலைகளுள் ஒன்று. இருதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் மிக நுண்ணிய நாடிகளையும் அப்போது பெயர்த்து நடவேண்டும். முதல் 52 சிசுக்களுள் இறந்தது ஒன்றே. அடுத்த 16 சிசுக்களுள் ஏழு இறந்தன. நமது கணக்கின்படி வரைந்து பார்த்தால், 52ஆம் சிசுவரை மெல்லத் தாழ்ந்து வந்த கோடு, அதன்பின் ஆறு படிக்கு மேல் செங்குத்தாய் ஏறிவிடும்.

அவர் செய்தது போற்றத்தக்கது. தமக்கு நற்பலன் கிடைத்துவந்த இன்னொரு நிலையத்திடம் சென்று, அத்தனை அனுபவத்தின் பின்னும் மாணாக்கர்போல் மீண்டும் பயின்றார். பின்னர் பலன் திருந்திற்று. 104 சிசுக்களின் கணக்கையும், தம் தோல்விகளை மறையாது, புள்ளிவிபரவியலாரின் துணையுடன் 1994இல் வெளியிட்டார். இருதயத்தின் தொழிலை ஏற்ற இயந்திரத்தினின்று விடுவித்தபின், குழந்தையை மீண்டும் அதனோடு இணைக்க நேர்ந்த மயிரிழைச் சம்பவங்களையும் சேர்த்துக் குறித்திருந்தால், வரைபடம் இன்னும் முன்னரே எச்சரித்திருக்கும் என்பது அந்த ஆய்வு கண்ட உண்மை.

இம்முறையில் ஒரு பொல்லாத குழியும் உண்டு. கடும் நோயுற்றோரை ஏற்கும் வைத்தியரின் கோடு, இலேசானவர்களை மட்டும் தெரிந்தெடுப்பவரின் கோட்டிலும் மேலே நிற்கும். எல்லோரையும் ஒரே அளவையால் அளந்தால், நாளடைவில் ஆபத்தான நிலையிலுள்ளவரைத் தொடுவதற்கு ஆளில்லாமற் போகும். ஆகவே ஒவ்வொருவருடைய வயது, நோயின் கடுமை முதலியவற்றை முன்னதாக மதிப்பிட்டு, அதற்கேற்பக் கோட்டின் ஏற்ற இறக்கத்தைத் திருத்துகின்றனர்.

பிரிஸ்ரல் நகரில் நடந்தது வேறு. அங்கே குழந்தைகளின் இருதய சத்திரசிகிச்சை பற்றி இயன் கெனடியின் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2001இல் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, திறந்த இருதய சத்திரசிகிச்சைக்குட்பட்ட ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுள், எதிர்பார்க்கத்தக்க தொகையிலும் 30 முதல் 35 பேர்வரை கூடுதலாக இறந்தனர் என அது கண்டது. கணக்குகளுக்குப் பஞ்சமில்லை, அவை நிறையவே இருந்தன. மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் தாமாகவே எண்ணிக்கை எடுத்து எச்சரித்துமிருந்தார். 2003இல் புள்ளிவிபரவியலார் சிலர் அதே கணக்குகளை எடுத்து, நிகழ்ந்த வரிசையிலேயே, ஆண்டாண்டாக வரைபடத்திற் குறித்துப் பார்த்தனர். கோடு எல்லையைத் தாண்டிற்று. சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்படுவதற்கு முன்னரே தாண்டிற்று.