அடுக்களையை அளந்து கட்டுவோம்



நாற்று நடுமுன் வயலைச் சமன் செய்கிறோம். தண்ணீர் எங்கே பாயும், எங்கே வடியும் என்று பார்க்கிறோம். வரிசைக்கு வரிசை இத்தனை அங்குலம் என்று கயிறு பிடித்து நடுகிறோம். ஆனால் வீடு கட்டும்போது சமையலறைக்கு மட்டும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கூடம், படுக்கையறை, பூசையறை எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியபின் மிஞ்சுகிற மூலை சமையலறையாகிறது.

இன்று சிற்றூர்களில் புதிதாக எழும்பும் வீடுகள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். உள்ளே பளபளக்கும் கல்மேடை, வண்ண அலமாரி. பின்புறத்தில் தாழ்ந்த சார்ப்பின் கீழ் விறகடுப்பு. அன்றாடச் சமையலில் பாதி அந்தச் சார்ப்பில்தான் நடக்கிறது. அறுவடைப் பணம் உள்ளே செலவாயிற்று. வீட்டுப் பெண்ணின் வேலை வெளியே புகையில் கிடக்கிறது. காரணம் எளிது. படத்தைப் பார்த்துக் கட்டினோம். சமைப்பவரையும் சமையலையும் அளந்து கட்டவில்லை. அளந்து கட்டுவது எப்படி என்பதையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முகப்பேர் தரும் பாடம்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரை ஒட்டியுள்ள முகப்பேர் முன்பு ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர். உலக வங்கியின் உதவியோடு 1980இல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இங்கே மனைப் பிரிவுகள் அமைந்தன. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் அப்பணியைச் செய்தது. 2011 முதல் இவ்வூர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஏரித் திட்டம் என்ற பெயர் மட்டும் ஒரு பகுதிக்கு நிலைத்துவிட்டது.

அத்திட்டத்தின் முறை நமக்குப் பயன்படும். கட்டி முடித்த வீட்டைக் கையில் கொடுக்கவில்லை. மனை, சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றை முதலில் தந்தார்கள். வீட்டைக் குடும்பமே தன் கைப்பணத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். எளியோருக்கான மனைகள் ஏறத்தாழ ஒரு சென்ட் அளவுதான். ஒரு சென்ட்டில் தொடங்கி, பணம் சேரச்சேர அறை கூட்டி, பிறகு மாடி எழுப்பி வளர்ந்த வீடுகள் அவை.

மண்ணுக்குள் போகும் வேலை முதலில், கண்ணுக்குத் தெரியும் வேலை கடைசியில் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி. வடிகால் குழாயும் புகைபோக்கியும் சரியான இடத்தில் அமைந்துவிட்டால் அலமாரியை மூன்று ஆண்டு கழித்தும் செய்யலாம். பளிங்குத் தளம் போட்டபின் வடிகாலுக்காக உடைத்தால் இரட்டைச் செலவு.

எவ்வளவு இடம் வேண்டும்?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் குறைந்த அளவாக 5 சதுர மீட்டர் பரப்பும், 1.8 மீட்டர் அகலமும் கூறுகிறது. அதாவது 6 அடி அகலமும் 9 அடி நீளமும். செருமனியில் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரேட் சூட்டே லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926இல் வகுத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம் கொண்டது. சமைப்பவர் வைக்கும் அடிகளை எண்ணிப் பார்த்து, வீண் நடை இல்லாமல் அதை அமைத்தார். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது இடம்பெற்றது. எனவே இடம் சிறிது என்று கலங்க வேண்டாம்.

ஆனால் அது ஒருவர் மட்டும் நின்று சமைக்கும் அறை. நம் வீட்டில் மாமியார் அரிவாள்மனையில் காய் நறுக்க, மருமகள் அடுப்பைப் பார்ப்பார். ஆகவே மேடைக்கு முன்னால் 4 அடி தரை காலியாக இருக்கட்டும். ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே மற்றவர் கொதிக்கும் பாத்திரத்துடன் தாராளமாகக் கடக்க முடிய வேண்டும்.

மேடையின் உயரம்

கொத்தனார் தமக்குப் பழகிய உயரத்தில் மேடை கட்டிவிடுவார். அதற்குமுன் சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 5 அங்குலம் கழித்தால் வருவதே மேடையின் உயரம். 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை சுமார் 37 அங்குலத்தில் இருக்கும். அவருக்கு 32 அங்குல மேடை பொருந்தும்.

அடுப்பு வைக்கும் பகுதியை இன்னும் 4 அங்குலம் தாழ்த்துவது நல்லது. அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் சேர்ந்துவிடுவதால், தாழ்த்தாவிட்டால் தோளைத் தூக்கிக் கிளற நேரிடும். அறுவடை நாளில் பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் பெரிய பானைக்கு இது மிகவும் அவசியம். மேடையின் அகலம் 2 அடி போதும். அதற்கு மேல் போனால் பின்சுவரைத் துடைக்கக் கை எட்டாது. கிரைண்டரை மேடைமேல் ஏற்றாமல் முழங்காலுக்குக் கீழே சிறு திண்டு கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நீர், நறுக்குமிடம், நெருப்பு

சமையல் வேலை ஒரு வரிசையில் நடக்கிறது. பொருளை எடுக்கிறோம், கழுவுகிறோம், நறுக்குகிறோம், சமைக்கிறோம், பரிமாறுகிறோம். மேடையும் இதே வரிசையில் அமைய வேண்டும். கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே குறைந்தது 3 அடி வெறும் மேடை விடுங்கள். நறுக்குவதும் பிசைவதும் அங்கேதான். தொட்டியை அடுப்போடு ஒட்டி வைத்தால் தண்ணீர் தெறித்து அடுப்பு துருப்பிடிக்கும். மிக்சிக்கான மின்செருகி தொட்டியிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

அன்றாடம் எடுக்கும் பொருள்கள் முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். அஞ்சறைப் பெட்டி, உப்பு, புளி, எண்ணெய் ஆகியவை அடுப்பில் நின்றபடி கைநீட்டினால் கிடைக்க வேண்டும். பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் அண்டாவும் குண்டானும் பரணுக்குப் போகட்டும்.

புகை ஒரு சிறு தொல்லை அல்ல

முகப்பேருக்கு அருகில் உள்ள போரூரில், இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் அடுப்புப் புகையை அளந்தார்கள். முடிவுகள் 2002இல் வெளிவந்தன. விறகு போன்றவை எரியும் வீடுகளில் சமைக்கும் வேளையில் ஒரு கனமீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்தூசி இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால் சமைப்பவர் சுவாசித்தது 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதவர் சுவாசித்தது 90. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் சமைப்பவரின் மார்புக்குள் இரண்டரை மடங்கு தூசி போகிறது. எரிபொருள் மட்டுமல்ல, சமையலறையின் அமைப்பும் அது இருக்கும் இடமும் இந்த அளவை மாற்றுகின்றன என்பதையும் அவர்கள் கண்டார்கள். அதனால்தான் கட்டும்போதே கவனம் வேண்டும் என்கிறேன்.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதல்ல. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு உருவாக்கிய அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்திலும் ஏராளமான அடுப்புகள் கட்டப்பட்டன. அவற்றுள் பல நிலைக்கவில்லை. வீட்டுப் பாத்திரத்துக்கும் அடுப்பின் வாய்க்கும் பொருத்தமில்லாததும், புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டதும் முக்கியக் காரணங்கள். எனவே உங்கள் பானையை வைத்துப் பார்த்தே அடுப்பின் வாயை அமையுங்கள். புகைபோக்கி 4 அங்குல விட்டமுள்ள மண்குழாயாகவோ தகரக் குழாயாகவோ இருக்கட்டும்; ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். கூரைக்கு மேல் 2 அடியாவது உயர்ந்து, தலையில் மழைமூடி இருக்க வேண்டும். ஓலைக்கூரையைக் குழாய் தொடவே கூடாது. மாதம் ஒருமுறை கரியைத் தட்டி எடுக்க வேண்டும்.

சமையலறையைத் தென்கிழக்கு மூலையில் வைப்பது வழக்கம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கோடையில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். அப்போது அம்மூலையில் எழும் புகை வீட்டுக்குள்ளேதான் திரும்பும். வழக்கத்தை மாற்ற மனமில்லையா? மாற்ற வேண்டாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே முழுச்சுவரும் கதவும் வையுங்கள். கூரையை ஒட்டி இரண்டு எதிர்ச்சுவர்களில் காற்றுத் துளைகள் விடுங்கள். கட்டுமுன் அந்த இடத்தில் ஊதுவத்தி ஏற்றி, காலையிலும் மாலையிலும் புகை எப்பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். காசில்லாத சோதனை இது.

எரிவாயு வந்தபின்

2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்துக்குப் பின் எரிவாயு இணைப்பு சிற்றூர்களிலும் பெருகியிருக்கிறது. இருந்தாலும் நெல் அவிக்கவும் வெந்நீர் போடவும் விறகடுப்பு வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. எரிவாயு உள்ளே; விறகடுப்பு பின்தாழ்வாரத்தில், புகைபோக்கியுடன், நின்று சமைக்கும் உயரத்தில். அதையும் சமையலறையின் ஒரு பாகமாகக் கருதிக் கட்டுங்கள்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். எனவே தரை மட்டத்தில் வெளியே திறக்கும் ஒரு துளை கட்டாயம் வேண்டும். உருளையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அழகுக்காக அலமாரிக்குள் மூடி வைத்தால் அதன் அடியில் காற்றோட்டம் விடுங்கள். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். மாடு வைத்திருப்போர் நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் அமைக்கலாம். ஒரு குடும்பத்துச் சமையலுக்கு அது போதும்.

தானியம், மருந்து, தண்ணீர்

நெல் மூட்டைகளைச் சமையலறையில் அடுக்காதீர்கள். நீராவியில் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். 12 முதல் 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, பக்கத்து அறையில் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். பயறு, கடித்தால் டக்கென்று உடையும் பதத்துக்குக் காய்ந்தபின் டப்பாவுக்குள் போகட்டும். ஒரு மாதத்துக்கான அளவு மட்டும் சமையலறையில் போதும்.

பூச்சிமருந்தும் மருந்து நேர்த்தி செய்த விதையும் எக்காரணம் கொண்டும் சமையலறைக்குள் வரக் கூடாது, பரணிலும் கூடாது. மருந்து வந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. அவற்றுக்கு வீட்டுக்கு வெளியே பூட்டுள்ள பெட்டி வேண்டும்.

கழிவுநீர் வாய்க்காலுக்கு 8 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுங்கள். பருக்கையும் எண்ணெயும் தங்க ஒரு சிறு தொட்டி வைத்து, அதன்பின் வாழைக்கும் சேம்புக்கும் பாய விடலாம்.

செலவைப் பங்கிடும் முறை

முதல் அறுவடையில் தரை, வடிகால், புகைபோக்கி, சன்னல், மேடை. சன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கட்டும். இரண்டாம் ஆண்டில் தொட்டி, குழாய், கடப்பைக்கல் தட்டுகள், மேடைக்கு மேல் 2 அடி உயரத்துக்கு ஓடு. மூன்றாம் ஆண்டில் கதவும் வண்ணமும். கறையான் உள்ள மண்ணில் ஒட்டுப்பலகை அலமாரி நெடுநாள் தாங்காது. கடப்பைக்கல் தட்டுக்கு முன்னால் ஒரு துணித்திரை போட்டாலே தூசி அண்டாது, பார்வைக்கும் நன்றாயிருக்கும். வெள்ளைச் சுவர், சிவப்புச் சிமெண்டுத் தரை, துலக்கிய பித்தளைப் பாத்திரம் நாலு. அழகுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஒன்று. கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்குமுன் வாசலைத் தெளித்து, கோலமாவினால் சமையலறையை உண்மையான அளவிலேயே வரையுங்கள். மேடை, தொட்டி, அடுப்பு, கதவு எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு சமைப்பவரை அந்தக் கோட்டுக்குள் நின்று ஒரு காலைச் சமையலைச் செய்வதுபோல் நடந்து காட்டச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது என்று அவரே சொல்வார். கோலமாவில் போட்ட கோட்டைக் காலால் அழித்து மாற்றலாம். செங்கல்லில் போட்ட கோட்டை மாற்ற முடியாது. அவர் சரி என்று சொன்னபின் கடைக்கால் தோண்டுங்கள்.