லொறி வழி வந்த புகழ்: மேர்சிடிஸ் பென்ஸும் கிழக்கிலங்கைச் சாலைகளும்

கல்முனைக்கு ரயில் வந்ததில்லை. 1928இல் தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் இந்தக் கரையின் சரக்கெல்லாம் அன்றுமுதல் இன்றுவரை சாலையை நம்பியே இருக்கிறது. நெல் மூட்டை, தேங்காய், கருவாடு, தறியிலிருந்து இறங்கிய சாரன் கட்டு, தறிக்கு வேண்டிய நூல் எதுவானாலும் லொறி வந்தால்தான் காரியம் ஆகும். அதிலும் வடக்கே போன லொறி 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தின் ஒற்றை வழியில் எதிர்த்திசை வாகனங்கள் கடந்து முடியும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. அகலமான புதிய பாலம் 2013இல்தான் திறக்கப்பட்டது.

இப்படிப்பட்ட கரையில் ஒரு ஜேர்மன் மோட்டார்க் கம்பனியின் புகழைப் பற்றிப் பேசுவதென்றால் அமைச்சர்மாரின் கறுப்புக் காரிலிருந்து தொடங்குவதில் பொருளில்லை. மேர்சிடிஸ் பென்ஸ் கார் இங்கே கலியாண ஊர்வலத்திலோ கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதரின் வாசலிலோ பார்த்துப் பழகிய பொருள். ஊரின் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது லொறிதான். அந்த லொறியும் ஜேர்மனியிலிருந்து நேரே வரவில்லை.

இந்தியாவின் டாட்டா நிறுவனம் 1945இல் ஜாம்ஷெட்பூரில் ரயில் இஞ்சின் செய்வதற்காக டெல்கோவைத் தொடங்கியது. 1954இல் அது டைம்லர் பென்ஸ் கம்பனியோடு பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு லொறி கட்டத் தொடங்கி, அந்த ஆண்டே முதல் லொறியை வெளியே விட்டது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம். பெயர் டாட்டா மேர்சிடிஸ் பென்ஸ். ஜேர்மனியில் எல் 312 என்று ஓடிய அதே வட்ட மூக்கு லொறி, உள்ளே ஆறு சிலிண்டர், 4.6 லீற்றர் டீசல் இஞ்சின். முதலில் பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக உள்ளூரிலேயே வார்த்தார்கள், கடைந்தார்கள். ஒப்பந்தம் 1969இல் முடிந்தபோது நட்சத்திரம் கழன்று அந்த இடத்தில் டாட்டாவின் ‘டி’ எழுத்து ஏறியது. தொழில் அங்கேயே தங்கிவிட்டது.

டாட்டா தன் லொறியை முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஏற்றியது 1961இல். அது வந்து இறங்கிய நாடு இலங்கை. இன்று உலகெங்கும் வண்டி விற்கிற ஒரு பெரிய நிறுவனத்தின் ஏற்றுமதிக் கணக்கில் முதல் வரி நமது தீவின் பெயரில் எழுதப்பட்டது என்பதை நம்மவர் பலர் அறியார். நட்சத்திரம் பொறித்த அந்த லொறிகளை விற்கும் பொறுப்பு, 1939இல் கொழும்பில் தோன்றிய டிமோ என்னும் டீசல் அன்ட் மோட்டர் எஞ்சினியரிங் கம்பனிக்குப் போனது. மேர்சிடிஸ் காருக்கும் டாட்டா லொறிக்கும் பின்னாளில் அதே நிறுவனம் முகவராக இருந்தது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் ஒரே வம்சம்.

வம்சம் என்று சொல்லக் காரணம் உண்டு. கராச்சில் வளர்ந்த பையனுக்கு 1210, 1613, 407 என்பவை வீட்டு இலக்கம் போலப் பழக்கம். இலக்கங்களின் பொருளைக் கேட்டால் பலர் தோளைக் குலுக்குவார்கள். டைம்லர் பென்ஸ் 1960களில் வகுத்த முறை அது. முன்னால் இருப்பது வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை, தொன் கணக்கில். பின்னால் இருப்பது இஞ்சினின் வலு, பத்துப் பத்துக் குதிரைத் திறனாக. 1210 என்றால் பன்னிரண்டு தொன், ஏறக்குறைய நூறு குதிரைத் திறன். 407 என்றால் நான்கு தொன் வகை, எழுபது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் டாட்டா அந்தக் கணக்கை விடவில்லை. 697 என்னும் டாட்டா இஞ்சினின் பெயரில் 6 சிலிண்டர் எண்ணிக்கையையும் 97 ஒவ்வொரு சிலிண்டரின் விட்டத்தையும் மில்லிமீற்றரில் சொல்கின்றன. ஜேர்மனியின் ஓஎம் 352 இஞ்சினுக்கும் அதே ஆறு, அதே தொண்ணூற்றேழு. நட்சத்திரத்தைக் கழற்றலாம், சிலிண்டரின் விட்டத்தை மறைக்க முடியாது.

டீசலுக்கும் இந்தக் கம்பனிக்கும் உள்ள உறவு பழையது. கார்ள் பென்ஸ் 1886 ஜனவரி 29ஆம் திகதி தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனுச் செய்தார். அதே ஆண்டில் நூறு கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் கொட்லீப் டைம்லர் ஒரு குதிரை வண்டியில் இஞ்சினைப் பூட்டி ஓட்டினார். பத்தாண்டு கழித்து, 1896இல், டைம்லர் உலகின் முதல் மோட்டார் லொறியைச் செய்தார். ஒன்றரைத் தொன் ஏற்றும் வண்டி, நான்கு குதிரைத் திறன். பென்ஸ் கம்பனி 1923இல் டீசல் லொறியைச் செய்தது. இரண்டு கம்பனிகளும் 1926இல் ஒன்றாயின. டீசலில் ஓடும் கார் 260 டி என்ற பெயரில் 1936இல் பேர்லின் கண்காட்சிக்கு வந்தது. லொறியில் பழகிய டீசல் பிறகே காருக்குள் போனது. ஆடம்பரக் கார் செய்கிறவர்கள் பக்கவேலையாக லொறியும் செய்தார்கள் என்று நினைப்பது வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

இந்தக் கதையில் பேர்த்தா பென்ஸைச் சொல்லாமல் கடந்தால் அநியாயம். தன் சீதனப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக் கணவரின் பட்டறையைக் காப்பாற்றியவர் அவர். ஆனால் கணவரின் வண்டியை வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் ஒருநாள் கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த போர்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். தூரம் நூறு கிலோமீற்றரைத் தாண்டும். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் நடுவழித் திருத்த வேலையோடுதான் நடந்திருக்கிறது. இந்தக் கம்பனியின் விளம்பரங்களில் இதைவிடப் பெறுமதியான ஒன்று பிறகு வந்ததாகத் தெரியவில்லை.

மேர்சிடிஸ் என்பது ஒரு சிறுமியின் பெயர். எமில் ஜெலினெக் என்ற வணிகர் நீஸ் நகரத்துக் காரோட்டப் போட்டிகளில் தன் மகளின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு கலந்துகொண்டார். 1900இல் டைம்லர் கம்பனியிடம் 36 கார்களுக்கு ஒரே தடவையில் கட்டளை கொடுத்து, புதிய இஞ்சினுக்கு மகளின் பெயரையே வைக்கச் சொன்னார். அந்தக் காரை வடிவமைத்தவர் வில்ஹெல்ம் மைபாஹ். பெயர் 1902இல் வணிகக் குறியாகப் பதிவானது, நட்சத்திரம் 1909இல். தரை, நீர், வானம் மூன்றிலும் ஓடும் இஞ்சின் என்பது அதன் மூன்று முனைகளுக்கும் சொல்லப்படும் விளக்கம்.

எமில் ஜெலினெக்கின் தந்தை வியன்னாவில் பேர்பெற்ற யூத மதகுரு. ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளையின் பெயரைச் சுமந்த 770 கார்களிலேதான் ஹிட்லர் ஊர்வலம் போனார். அந்தப் பெயர்ப் பொருத்தமின்மை வரலாற்றின் கேலி. அதைவிடக் கனமான கணக்கு தொழிற்சாலைக்குள் இருக்கிறது. போர்க்காலத்தில் டைம்லர் பென்ஸ் லொறிகளையும் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்களுக்கான இஞ்சின்களையும் செய்தது. 1944இல் அதன் 63,610 வேலையாட்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட பொதுமக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இந்த எண்ணை வெளியிட்டிருப்பது கம்பனியே. 1986இல் காரின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது இது பற்றிய கேள்விகள் வலுத்தன. 1988இல் கம்பனி நட்டஈடாக 2 கோடி மார்க் கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் ஜேர்மன் அரசும் கம்பனிகளும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் நட்டஈட்டு நிதியம் அமைத்தபோது அதிலும் பங்கெடுத்தது. உண்மையை ஒப்புக்கொண்டது நல்லதே. ஆனால் நாற்பது ஆண்டு தாமதம் சிறிய தாமதம் இல்லை. அந்தத் தாமதத்தில் உரியவர்கள் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

போருக்குப் பிறகு இந்தக் கம்பனிக்குக் கிடைத்த நல்ல பெயர் முழுக்க உழைப்பின் பெயர். 1976இலிருந்து பத்தாண்டு காலம் வெளிவந்த டபிள்யூ 123 வகைக் கார்கள் ஏறத்தாழ 27 இலட்சம் விற்றன; ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் அவை டாக்சியாகத் தேய்ந்து மாய்ந்தன. கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரத்து டாக்சிச் சாரதி ஒருவர் 1976ஆம் ஆண்டு 240 டி காரை 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004இல் கம்பனியின் அரும்பொருட்சாலைக்குக் கொடுத்தார். கம்பனி அதைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த ஓட்டத்தில் இஞ்சின் பல தடவை இறக்கி ஏற்றப்பட்டது. கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்தது கம்பனியின் திறமை. சலிக்காமல் கழற்றிப் பூட்டியது சாரதியின் திறமை. புகழில் பாதியைச் சாரதிக்குக் கொடுக்காவிட்டால் கணக்கு நேராகாது.

நம் ஊர்ப் பிள்ளைகள் 1970களின் இறுதியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் உழைக்கப் போனபோது இந்த நட்சத்திரத்தைப் பாலைவனச் சாலைகளில் மீண்டும் கண்டார்கள். வட்ட மூக்கு பென்ஸ் லொறிகள் அங்கே பல்லாண்டு ஓடின. 1974இல் ஜேர்மனியின் குவான்ட் குடும்பம் டைம்லர் பென்ஸில் தனக்கிருந்த ஏறக்குறைய 14 வீதப் பங்கைக் குவைத்துக்கு விற்றுவிட்டது. எண்ணெய் விற்ற காசு எண்ணெய் குடிக்கும் வண்டியின் முதலாளியாகி விட்டது.

நற்பெயர் சரிந்த காலமும் உண்டு. 1997 ஒக்டோபரில் சுவீடனின் மோட்டார்ச் சஞ்சிகை ஒன்று புதிய ஏ வகைச் சிறிய காரை, சாலையில் திடீரென்று மான் குறுக்கிட்டால் வளைப்பதுபோல வளைத்து ஓட்டிப் பார்த்தது. கார் கவிழ்ந்தது. கம்பனி விற்பனையை நிறுத்தி, சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி கருவியை அந்தச் சிறிய கார்கள் எல்லாவற்றிலும் பூட்டிக் கொடுத்தது. பெரிய கார்களில் மட்டும் இருந்த அந்தக் கருவி சாதாரணக் கார்களுக்கு இறங்கியதில் அந்தக் கவிழ்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1998இல் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு செய்த திருமணம் 2007இல் முறிந்தது. 2005இல் 13 இலட்சம் கார்கள் பழுது பார்க்கத் திரும்ப அழைக்கப்பட்டன. டீசல் புகையில் செய்த ஏமாற்றுக்காக 2020இல் அமெரிக்க அரசுக்கு 150 கோடி டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. டீசலால் எழுந்த பெயர் டீசலாலேயே கறைபட்டது.

இத்தனைக்குப் பிறகும் ‘ஜேர்மன் சாமான்’ என்றால் நம் நாட்டில் மயக்கம் தீரவில்லை. குளியாப்பிட்டியில் வோக்ஸ்வாகன் தொழிற்சாலை வரப்போகிறது என்று 2015 தேர்தல் காலத்தில் பெரும் பேச்சு எழுந்தது. 2017 ஜனவரியில் அங்கே வாகனம் பூட்டும் ஆலை ஒன்றுக்கு அடிக்கல் வைத்தபோது, தங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்ற மறுப்பு ஜேர்மனியிலிருந்து வந்தது. பெயரை இரவல் வாங்கி அரசியல் செய்வது எளிது. ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் செய்ததுபோலப் பதினைந்தாண்டு உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொள்வதைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை.

இன்றைய மருதமுனைத் தெருவில் நட்சத்திரம் தேடினால் கண்ணில் படாது. ஆனால் அந்த வம்சம் இருக்கிறது. டிமோ கொண்டுவந்த டாட்டா ஏஸ் சிறு லொறி இந்தியாவில் 2005இல் வெளிவந்தது; நம் நாட்டில் அதற்கு ‘பட்டா’ என்றே பெயர், டாட்டா வைத்த பெயர் கடதாசியோடு சரி. அதில் மரக்கறி போகிறது, மீன் போகிறது, துணிக்கட்டும் போகிறது. ஜப்பான் வண்டி என்று எல்லோரும் நம்புகிற ஃபூசோ கன்டர் லொறியின் கம்பனியில் பெரும்பங்கு 2004இலிருந்து டைம்லர் கையில் இருந்தது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2012இல் டைம்லர் திறந்த லொறித் தொழிற்சாலை அடுத்த ஆண்டிலிருந்தே ஃபூசோ பெயரில் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. வாங்கிய நாடுகளின் பட்டியலில் இலங்கையும் உண்டு. 1961இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்தது, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

டைம்லர் 2010இல் டாட்டாவில் தனக்கிருந்த கடைசிப் பங்கையும் விற்றுவிட்டது. 2021 டிசம்பரில் லொறித் தொழிலைக் காரிலிருந்து பிரித்துத் தனிக் கம்பனியாக்கியது. கார் செய்யும் கம்பனி மறு ஆண்டில் மேர்சிடிஸ் பென்ஸ் குழுமம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஸ்டுட்கார்ட்டில் இந்தக் கணக்குவழக்கு நடந்த நாட்களில் இலங்கையில் வாகன இறக்குமதியே அடைபட்டுக் கிடந்தது. 2020இல் விழுந்த அந்தத் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் விலகியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய லொறிகளின் விலை ஏறியது. உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் கடைசல்காரர் பாகம் கடைந்து கொடுத்தார். சிலிண்டர் அறுத்து, புதிய பிஸ்டன் போட்டு, 697கள் மறுபடி பாரம் ஏற்றின.