யாருக்காக வாதாடலாம் என்பதை யார் முடிவு செய்வது?

(சட்டக் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம் நீங்கள் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். போய் என்ன செய்கிறீர்கள்? கேஸ் கட்டைத் தூக்குகிறீர்கள், ஜெராக்ஸ் எடுக்கிறீர்கள், வாய்தா தேதியைக் குறிக்கிறீர்கள். நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. வழக்குரைஞராகப் பதிவு செய்தவர் மட்டுமே தொழில் செய்யலாம் என்கிறது 1961ஆம் ஆண்டுச் சட்டம். "அமெரிக்காவில் மாணவர்களே வாதாடுகிறார்களே, நமக்கும் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்தால் என்ன?" என்று ஒரு தோழர் கேட்டார். கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே அந்தச் சான்றிதழுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்போம்.

1963இல் கிடியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெருங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்றது. அத்தனை வக்கீல்களுக்கு எங்கே போவது? 1969இல் அமெரிக்க வழக்குரைஞர் சங்கம் ஒரு மாதிரி விதியை வகுத்தது. படிப்பில் நான்கு செமஸ்டர் முடித்த மாணவருக்குக் கல்லூரியின் டீன் சான்று தருவார். கட்சிக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவரிடம் மாணவர் ஒரு காசு வாங்கக் கூடாது. மேற்பார்வை வழக்குரைஞர் முழுப் பொறுப்பேற்க வேண்டும். இலவச வக்கீல் பெறும் உரிமையுள்ள குற்ற வழக்கென்றால் அவர் நேரில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு மாநிலமும் தன் விதியைத் தானே எழுதிக்கொண்டது. லூசியானாவில் அதற்கு 'விதி 20' என்று பெயர். எழுதியது மாநில உச்ச நீதிமன்றம். அங்கே அந்த நீதிபதிகள் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை மிசிசிப்பி ஆற்றங்கரை நெடுக ரசாயன ஆலைகள். 'புற்றுநோய்ச் சந்து' என்றே அதற்குப் பெயர். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த தோட்டங்கள் அவை. அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே சேரி, சேரிக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு என்று பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1996இல் அங்கே கான்வென்ட் என்ற ஊரில் (நம்ம ஊர் கான்வென்ட் பள்ளிக்கூடம் இல்லை, ஊரின் பெயரே அதுதான்) ஷின்டெக் என்கிற கம்பெனி 70 கோடி டாலரில் பிவிசி ஆலை கட்ட வந்தது. ஜப்பானின் ஷின்எட்சு கம்பெனிக்குச் சொந்தமானது. சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஊரே ஒரே பக்கம் நின்றது என்று நான் கதை கட்ட மாட்டேன். வேலை கிடைக்கும் என்று ஆலையை ஆதரித்த கறுப்பின மக்களும் இருந்தார்கள். எதிர்த்தவர்களுக்கு வக்கீல் கிடைக்கவில்லை. டுலேன் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் சட்ட உதவி மையத்து மாணவர்கள் வந்தார்கள்.

மாநில அரசு ஆலைக்குக் கொடுத்த காற்று மாசு அனுமதியை அவர்கள் வரிக்கு வரி பிரித்துப் படித்தார்கள். ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் முகமைக்கு மனுப் போட்டார்கள். இனப் பாகுபாடு என்று தனியாகவும் புகார் கொடுத்தார்கள். 1997 செப்டம்பரில் அந்த முகமை அனுமதியில் குறை இருப்பதாகச் சொல்லி ஆட்சேபித்தது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் 70 கோடி டாலரை நிறுத்திவிட்டார்கள்!

அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆளுநர் மைக் ஃபாஸ்டர் டுலேனுக்கு நன்கொடை கொடுப்பதை யோசியுங்கள் என்று தொழிலதிபர்களிடம் சொன்னார். மூன்று வணிக அமைப்புகள் மாநில உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதின. 1998 ஜூனில் நீதிமன்றம் விதி 20ஐத் திருத்தியது.

திருத்தத்தில் மாணவர்களை நேரடியாகக் குறைசொல்லும் ஒரு சொல் கிடையாது. எல்லாம் ஏழைகளின் பேரில்தான். ஓர் அமைப்புக்காக மாணவர் வாதாட வேண்டுமானால், அதன் உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் வறியவர்கள் என்று காட்ட வேண்டும். ஊர்ச் சங்கத்துக்காரர் வீடு வீடாகப் போய் "உங்கள் வருமானம் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். எதிர்க்கட்சி கம்பெனியிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. 1999இல் அதை 51 சதவீதமாக இறக்கி, வருமான வரம்பைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இன்னொரு நிபந்தனைதான் எனக்கு அதைவிட மோசமாகப் படுகிறது: வழக்கை எடுப்பதற்காக மையத்தார் தாமாகப் போய் மக்களைச் சந்தித்திருந்தால், அந்த வழக்கில் மாணவர் ஆஜராகக் கூடாது. தனக்கு ஒரு வழக்கு இருக்கிறது என்பதே தெரியாத ஆளிடம் யாராவது போய்ச் சொல்லாமல் அவர் எப்படி வருவார்?

எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2001இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாணவர்களை வாதாட விட வேண்டிய கட்டாயமே மாநிலத்துக்கு இல்லை, யாருடைய பேச்சுரிமையும் பறிக்கப்படவில்லை என்றது. ஷின்டெக் 1998 செப்டம்பரிலேயே கான்வென்ட்டைக் கைவிட்டு, பிளாக்கெமின் பக்கம் சிறிய ஆலைக்குப் போய்விட்டது. மக்கள் ஜெயித்தார்கள். அவர்களை ஜெயிக்க வைத்த கதவை அடுத்த ஊருக்குச் சாத்தினார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். வழக்குரைஞர்கள் சட்டத்தின் 32வது பிரிவை எடுத்துப் படியுங்கள். பதிவு செய்யாத ஒருவரையும் குறிப்பிட்ட ஒரு வழக்கில் ஆஜராக நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. அது நீதிபதியின் மனசைப் பொறுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்குரைஞர் என்று யாருடைய உதவியையும் பெறலாம் என்கிறது. அந்தக் குடும்பத்தோடு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய், சாட்சிக்குப் பயணப்படி கேட்டு, பாதுகாப்புக் கேட்டு மனு எழுத ஒரு நான்காம் ஆண்டு மாணவரால் இன்றைக்கே முடியும். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை. எழுந்து நின்று பேசத்தான் விதி வேண்டும்.

அந்த விதியைக் கேட்கும்போது மூன்று இடத்தில் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்தக் கட்சிக்காரரை எடுப்பது என்பதில் வெளியார் கை வைக்கக் கூடாது. சேரிக்குப் போய் மக்களிடம் பேசியதைக் குற்றமாக்கக் கூடாது. மேற்பார்வையாளர் யார் என்பது அதைவிடச் சிக்கல். அப்பா, மாமா, சித்தப்பா என்று சேம்பர் கைமாறும் ஊரில், கையெழுத்துப் போடும் உரிமை சீனியரிடம் மட்டும் இருந்தால் முதல் தலைமுறைப் பிள்ளை மறுபடியும் வாசலில்தான் நிற்பார். கல்லூரியே சம்பளம் கொடுத்து வழக்குரைஞரை அமர்த்தட்டும், அந்தப் பணியிடத்துக்கு இட ஒதுக்கீடு இருக்கட்டும். மூன்றாவது, காசு. பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. மாணவர் சான்றிதழுக்கும் ஒரு ரசீது புத்தகத்தோடு யாராவது வருவார்கள். கட்டணம் இல்லை என்று விதியிலேயே எழுத வைக்க வேண்டும்.

வரைவு ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், இரண்டு பக்கம். கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பேனா இருப்பவர்கள் அடித்துத் திருத்துங்கள், அதை வைத்தே பேசுவோம்.