பேரேடு குடிபெயர்கிறது



பெரிய கடைகளில் இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. அன்றன்று நடக்கும் விற்பனையை உடனுக்குடன் எழுதிக்கொள்வது சிட்டை. பல நாள் கணக்கைப் பகுத்துத் தொகுத்து வைப்பது பேரேடு. இன்று வந்தவர் என்ன வாங்கினார் என்று கேட்டால் சிட்டை விடை கூறும். சென்ற 5 ஆண்டுகளில் எந்த மாதத்தில் எந்தப் பொருள் மிகுதியாக விற்றது என்று கேட்டால் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

கணிப்பொறி கணக்கெழுதும் இக்காலத்திலும் இந்தப் பிரிவினை மாறவில்லை. விற்பனையைப் பதிவு செய்யும் கணிப்பொறியிடமே ஐந்தாண்டுக் கேள்வியையும் கேட்டால், அது விடை தேடி முடிக்கும்வரை பொருள் வாங்க வந்தவர் காத்து நிற்க நேரிடும். ஆகவே தரவுகளை அவ்வப்போது எடுத்து, ஒரே வடிவுக்குக் கொணர்ந்து, தனியே சேர்த்து வைக்கிறார்கள். இதற்குத் தரவுக் கிடங்கு என்று பெயர். 1988ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டெவ்லின், மர்ஃபி என்னும் இருவர் இதன் அமைப்பை ஒரு கட்டுரையில் விளக்கினர். 1992இல் வெளிவந்த பில் இன்மனின் நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம்மவர் பழமொழி. கிடங்கை மாற்றிப் பார் என்பதையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் நல்ல சான்று. அந்நிறுவனம் பல ஆண்டுகளாக ஆரக்கிள் என்னும் மென்பொருளில் தன் தரவுகளை வைத்திருந்தது. வாணிகம் பெருகப் பெருக, அதற்கு ஈடுகொடுத்துத் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலையும் செலவும் வளர்ந்தன. தானே தரவுத்தள மென்பொருள்களை விற்பனை செய்யும் நிறுவனமாகவும் அது வளர்ந்துவிட்டது. 2018இல் அதன் மாபெரும் ஆரக்கிள் தரவுக் கிடங்கு நிறுத்தப்பட்டது. அதன் பணியை ரெட்ஷிஃப்ட் என்னும் சொந்த மென்பொருள் ஏற்றது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், நுகர்வோர் வாணிகப் பிரிவின் கடைசி ஆரக்கிள் தரவுத்தளத்தையும் நிறுத்திவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 7,500 தரவுத்தளங்களிலிருந்து 75 பெட்டாபைட் தரவு, அதாவது ஏழரைக் கோடி கிகாபைட், இடம் பெயர்ந்தது. ஆரக்கிளோடு இறுகப் பிணைந்திருந்த வெளியார் மென்பொருள்கள் சில மட்டும் பழைய இடத்திலேயே விடப்பட்டன.

மூட்டையைத் தூக்கி வேறோர் இடத்தில் வைப்பதுதானே, இதில் என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். தரவு தானாகப் பொருள் தருவதில்லை. அதை வைத்திருக்கும் மென்பொருளின் விதிகளைச் சார்ந்தே பொருள் தருகிறது. விதி மாறினால் பொருளும் மாறக்கூடும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுகிறேன். ஆரக்கிளில் 'தேதி' என்னும் வகை, நாளை மட்டுமன்றி மணி, நிமிடம், நொடி ஆகியவற்றையும் சேர்த்தே குறிக்கும். ரெட்ஷிஃப்டிலோ 'தேதி' என்பது நாளை மட்டுமே குறிக்கும். பெயர் ஒன்றுதானே என்று எண்ணி அப்படியே மாற்றினால், காலை விற்பனையும் மாலை விற்பனையும் வேறுபாடின்றிக் கலந்துவிடும். அடுத்தது வெற்றிடம். ஆரக்கிள், எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லையும் 'அறியப்படாதது' என்பதையும் ஒன்றாகவே கொள்கிறது. ரெட்ஷிஃப்ட் அவ்விரண்டையும் வேறு வேறாகக் கொள்கிறது. மாற்றத்துக்குப் பின்னர் வெற்றுச் சொல்லாக வந்து சேரும் பதிவுகள், 'தொலைபேசி எண் அறியப்படாதவர் எத்தனை பேர்?' என்ற பழைய கேள்வியின் எண்ணிக்கையில் சேராமல் போகலாம். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. விடை மட்டும் தவறாக இருக்கும். அத்தவற்றை நம்பி ஒருவர் முடிவெடுப்பார்.

இதனால் அறிந்தவர்கள் படிப்படியாகவே செல்கிறார்கள். முதலில் கிடங்கில் என்னென்ன உள்ளன, எவற்றை எவர் பயன்படுத்துகின்றனர் என்று பட்டியல் எடுக்கின்றனர். எவரும் தொடாத அட்டவணைகளை ஒதுக்குகின்றனர். பிறகு சிறு பகுதியை மாற்றி, பழையதையும் புதியதையும் சில காலம் ஒருசேர ஓடவிட்டு, வரிகளின் எண்ணிக்கை, தொகைகளின் கூட்டல் ஆகியவற்றை ஒப்பிடுகின்றனர். இரண்டும் ஒத்துவந்த பின்னரே பழையதை நிறுத்துகின்றனர்.

தரவு சரியாக வந்து சேர்ந்தால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. அங்கே மாற்றப்பட்டது கிடங்கு அன்று; டி.எஸ்.பி. வங்கியின் அன்றாடக் கணக்கு அமைப்பு. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில், ஒரு வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டன. தரவு பழுதின்றி வந்து சேர்ந்தது. ஆயினும் புதிய அமைப்பு உடனே தடுமாறியது. ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைக் காண இயலாமல் தவித்தனர். இரு தரவு மையங்களைக் கொண்ட அந்த அமைப்பில் ஒரு மையம் மட்டுமே சுமைதாங்கும் ஆற்றலுக்காகச் சோதிக்கப்பட்டிருந்தது எனப் பின்னர் நடந்த விசாரணையில் தெரிய வந்தது. நிலைமை சீரடைய அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. 2022இல் மேற்பார்வை அமைப்புகள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86½ லட்சம் பவுன் அபராதம் விதித்தன.

நண்பர்களே, உங்களில் சிலர் நாளை இத்தகைய பணியில் ஈடுபடக்கூடும். அங்கே நீங்கள் சந்திக்கும் பெருந்தொல்லை, பத்தாண்டுகளுக்கு முன் யாரோ வகுத்த ஒரு கணக்கின் பொருள் எங்கும் எழுதப்படாமல் இருப்பதாகவே இருக்கும். 'வாடிக்கையாளர்' என்றால் பொருள் வாங்கியவரா, பெயரைப் பதிந்தவரா? 'விற்பனை' என்பதில் திருப்பித் தரப்பட்ட பொருளும் அடங்குமா? வகுத்தவர் வேலையை விட்டுச் சென்றிருப்பார். எண் மட்டும் எஞ்சியிருக்கும். ஆகையால், எந்தக் கணக்கை எழுதினாலும் அதன் பொருளையும் பக்கத்திலேயே எழுதி வைக்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கைக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பேரேட்டைச் சுமந்து செல்பவர் உங்களை நன்றியோடு நினைப்பார்.