வாரிசு நீங்கள்தான் என்று ஒரு மின்னஞ்சல்



வெளிநாட்டு வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் குடும்பத்தோடு விமான விபத்தில் இறந்துவிட்டாராம். கணக்கில் பல கோடி ரூபாய் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். இறந்தவரின் குடும்பப்பெயரே உங்களுக்கும் இருப்பதால், உங்களை வாரிசாகக் காட்டிப் பணத்தை எடுத்து இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாமாம். ஆனால் இதை யாரிடமும் சொல்லிவிடக் கூடாதாம்.

இந்த மோசடி மிகப் பழையது. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு செல்வந்தர் அடைபட்டிருக்கிறார், அவரை மீட்கப் பணம் கொடுத்தால் புதையலில் பங்கு உண்டு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே தபாலில் கடிதங்கள் வந்தன. பின்னாளில் நைஜீரியாவிலிருந்து இத்தகைய கடிதங்கள் ஏராளமாகக் கிளம்பின. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது என்பதால், இதற்கு 419 மோசடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று இது எந்த நாட்டிலிருந்தும் வரலாம், அடுத்த தெருவிலிருந்தும் வரலாம்.

கடிதத்தில் சொல்லப்படும் விபத்து உண்மையில் நடந்ததாகவே இருக்கக்கூடும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்டு விமானம் விழுந்து 113 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தையும் செய்தி இணைப்போடு காட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார்கள். செய்தி உண்மையாக இருப்பதால் கடிதமும் உண்மையாகிவிடாது.

முதல் கடிதத்தில் பணம் கேட்க மாட்டார்கள். நீங்கள் பதில் போட்டதும் ஒரு வழக்கறிஞர் வருவார், முத்திரை குத்திய ஆவணங்கள் வரும். பிறகு பதிவுக் கட்டணம், அடுத்து வரி, அதற்கடுத்து ஏதோ ஒரு சான்றிதழுக்குத் தொகை. ஒவ்வொன்றையும் கடைசிக் கட்டணம் என்பார்கள். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற தவிப்பில்தான் மனிதர்கள் மறுபடியும் கட்டுகிறார்கள்.

சில கடிதங்கள் நம்பவே முடியாதபடி இருக்கும். அதற்கும் காரணம் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் விளக்கினார். லட்சம் பேருக்கு அஞ்சல் அனுப்பச் செலவில்லை. பதில் போடுபவரோடு பேசிப் பேசி மசிய வைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. சந்தேகப்படுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட்டால் மோசடிக்காரருக்கு லாபம். அதற்காக, எழுத்துப்பிழை இருந்தால்தான் மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். பிழையில்லாத தமிழில் எழுதித் தரும் கருவிகள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன.

சரி, எதைப் பார்த்துக் கண்டுகொள்வது?

முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. முன்னெழுத்தில் நிற்பது அப்பாவின் பெயர். முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரருக்கும் நமக்கும் குடும்பப்பெயர் எப்படி ஒன்றாகும்?

அடுத்து, உண்மையான சொத்து எப்படிக் கைமாறுகிறது என்று யோசியுங்கள். நம் ஊரில் இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும், உயில் இருந்தால் உயில் வேண்டும். உறவை நிரூபிக்கப் படாதபாடு படுகிறோம். இல்லாத உறவை உண்டாக்கித் தருகிறேன் என்பவர் உங்களைக் குற்றத்துக்குக் கூட்டாளியாக அழைக்கிறார். இந்தியாவில் இறந்தவர் சொத்துக்கு இருந்த வரி 1985இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்த வரியைக் கட்டச் சொன்னால் அது பொய்.

ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியும் எழுதுவார்கள். ரிசர்வ் வங்கி தனிநபர் எவருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை. இதை அந்த வங்கியே பலமுறை அறிவித்திருக்கிறது. உங்கள் குடும்பத்தார் பெயரில் கேட்பாரற்ற வைப்புத்தொகை இருக்கிறதா என்று பார்க்க, 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளம் இருக்கிறது. அதில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை நினைவில் வையுங்கள். உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்காக, முகம் தெரியாத ஒருவர் முதலில் உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே நின்றுவிடுங்கள். பதில் போடாதீர்கள். வங்கிக் கணக்கு எண்ணையோ ஆதார் நகலையோ அனுப்பாதீர்கள்.

பணம் கட்டிவிட்டீர்களா? உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். வந்த அஞ்சல்களை அழிக்காமல் வைத்திருங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்டு ஒருவர் வந்தால், அதுவும் அதே மோசடியின் அடுத்த படிதான்.

வீட்டில் ஒருவர் ஏமாந்திருந்தால் தயவுசெய்து ஏசாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து மறைப்பவர்தான் மேலும் மேலும் கட்டுகிறார். யாரிடமும் சொல்லாதே என்பது மோசடிக்காரர் போடும் முதல் நிபந்தனை. அப்பாவோ அத்தையோ ஒரு சந்தேகமான அஞ்சலைத் தயங்காமல் பிள்ளைகளிடம் காட்ட முடிகிற வீட்டில் அந்த நிபந்தனை செல்லாது.