கண்ணேறும் விசுவாசமும்



பாலக்காட்டின் கிழக்கெல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வாழ்கின்றன. அவ்விரு மொழிகளுக்கும் பொதுவான சொற்களுள் 'கண்ணேறு' என்பதும் ஒன்று. புதுமனை கட்டுவோர் முகப்பில் பொம்மை தொங்கவிடுவதும், குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு இடுவதும் அந்தச் சொல்லின் பொருட்டே. இவ்வழக்கங்களை நகையாடுவது எளிது. ஆயினும் அவற்றுள் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. அயலாரின் பொறாமை நம்மைத் தீண்டிவிடுமோ என்பதன்றோ அங்குள்ள அச்சம்? இரண்டையும் ஒரு சொல்லில் முடிந்து வைத்துவிட்டனர் முன்னோர்.

பாலக்காட்டு வட்டாரத்து ஒடியன் கதைகளும் இதையே கூறும். மந்திர மருந்தினால் காளையாகவும் நாயாகவும் உருமாறி, இரவில் தனிவழி வருவோரைக் கொல்பவன் ஒடியன் என்பர். அவன் தானாக வருவதில்லையாம். பிறன் வாழ்வு பொறாத ஒருவன் கூலி கொடுத்து ஏவ வேண்டும். மின்விளக்கு வந்தபின் ஒடியனைக் காணோம். ஏவியவன் இருக்கின்றானா என்பதைத் தத்தம் அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் நாளில் நேயர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு விவிலியத்தில் முதலாம் சாமுவேல் நூலின் 18ஆம் அதிகாரத்தின்மீது தனியானதொரு விருப்பம் உண்டு. கோலியாத்தை வீழ்த்தித் திரும்பும் தாவீதை ஊர்ப் பெண்கள் மன்னனைக் காட்டிலும் பன்மடங்கு உயர்த்திப் பாடுகின்றனர். அந்நாள் முதல் சவுல் மன்னன் தாவீதின்மேல் கண்ணாயிருந்தான் என்கிறது எபிரேய மூலம். ஆம், 'கண்' என்ற சொல்லிலிருந்தே அவ்வினை பிறந்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே 'காய்மகாரம்' என்னும் சொல்லை ஆளுகின்றது. சில வசனங்களுக்குள்ளாகவே கதை மாறிவிடுகிறது. சவுல் தாவீதுக்கு அஞ்சத் தொடங்குகிறான். படையும் அரண்மனையும் ஈட்டியும் உடைய வேந்தன், சுரமண்டலம் வாசிக்கும் இளைஞனைக் கண்டு நடுங்குகிறான். பொறாமை முந்தியது, அச்சம் அதன் பிள்ளையாக வந்தது.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் சவுலின் மகன் யோனத்தான் நிற்கின்றான். முறைப்படி பொறாமை கொள்ள வேண்டியவன் அவனே, ஏனெனில் தாவீது உயர்ந்தால் பறிபோவது அவனுடைய அரியணை. அவனோ தன் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான். பின்னர்த் தாவீது காட்டில் ஒளிந்திருக்கையில் தேடிச் சென்று, அஞ்ச வேண்டா, நீயே அரசனாவாய் என்று தேற்றுகிறான். இது வெறும் நற்குணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அரியணை தந்தையின் சொத்தன்று, இறைவன் தருவது என்று அவன் நம்பினான். கொடுப்பவன்மீது அந்த நம்பிக்கை உள்ளவனுக்கு, பிறன் பெற்றது தன்னிடமிருந்து திருடியதாகத் தோன்றுவதில்லை.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு கூறிய திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமை மலைத்தோட்டங்களுக்கென்றே சொன்னது போலிருக்கும். விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. முணுமுணுத்தவனைத் தோட்டத்து எசமான் கடிந்துகொள்ளும் இடத்தில் கிரேக்க மூலம் 'பொல்லாத கண்' என்கிறது. நம்மவர் 'வன்கண்' என்று பெயர்த்தனர். இதனினும் சிறந்த சொல் கிடைத்திராது.

இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வுவமையைக் காட்டித் தொழிலாளரை வாய் மூடச் செய்வது பிழை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுவோர், 20 விழுக்காடு போனஸ் கேட்டு 9 நாள் போராடினர். 'பெம்பிளை ஒருமை' என்று அதனை நாடு அறிந்தது. போனஸ் கோரிக்கை நிறைவேறிற்று. அது வன்கண் அன்று. வன்கண் பக்கத்திலிருப்பவனின் கையைப் பார்க்கும். அப்பெண்கள் கொடுக்க வேண்டியவரின் முகத்தைப் பார்த்தே கேட்டனர். கடைசியில் வந்தவனும் அன்றைய சோற்றுக்குரிய முழுக் கூலியைப் பெற்றான் என்பதையும் உவமையில் மறத்தலாகாது.

அச்சத்தைப் பற்றியும் அவ்வாறே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி 70 உயிர்களைக் கொண்டது. மழை வலுக்கும் இரவில் அம்மலைகளில் உறங்காதிருப்போரின் அச்சம் விசுவாசக் குறைவு என்று பிரசங்கிப்பவர், அங்கே ஓரிரவு தங்கிய பின் பிரசங்கிக்கட்டும். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் வியாகுலப்பட்டார். தம்மோடு விழித்திருக்குமாறு நண்பர்களை வேண்டினார். விசுவாசம் மலையைக் கெட்டிப்படுத்துவதில்லை. அடுத்த லயத்துக் கதவைத் தட்டி, உடன் விழித்திருக்கச் செய்கிறது.

மூணாற்றில் 1911இல் திறக்கப்பெற்ற கிறிஸ்து ஆலயத்துக்கு முன்பே அங்குக் கல்லறை இருந்தது. 1894இல் காலராவில் மாண்ட ஆங்கிலேய மாது ஒருவருடையது. துரைமார் எழுப்பிய அவ்வாலயத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் வழிபாடு நிகழ்கின்றது. பாலக்காட்டுப் பகுதியிலோ, தமிழ் பேசுவோர் மிகுந்த பங்குகளைக் கொண்டு 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியே அமைந்தது. சிலர் இதனைப் பிரிவினை என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தனக்கென ஒரு வீடு உள்ளவன் அயலான் வீட்டை நிம்மதியாகப் பார்ப்பான்.

ஒரே கட்டடத்தில் இருமொழியாரும் கூடுமிடத்தில்தான் சோதனை. வடபுலத்து நகரொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், ஈஸ்டர் விடியற்கால ஆராதனை எம்மொழியில் என்பது பற்றித் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பெரும்பூசல் மூண்டது. எண்ணிக்கை குறைந்த தமிழர், இவ்வாண்டு விட்டால் என்றும் இல்லை என்று அஞ்சினர். கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, விடியற்காலத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவருகிறோம் என்றார். நம்மவர் பலருக்குச் சினம். ஆனாலும் காப்பி சென்றது. மறுவருடம் மலையாளிகள் பலகாரம் கொண்டுவந்தனர். விடியற்கால ஆராதனை தமிழில் நடந்தது.